துணியால் செய்த தாய்

ஓய்வு பெறுவதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பு, மதிப்பீட்டுக் குழு ஒன்றின் வெளி உறுப்பினராக ஒரு செவிலியர் கல்லூரிக்குச் சென்றிருந்தேன். என் துறை பொருளாதாரம். கட்டடங்களையும் கணக்குகளையும் பார்ப்பதே எனக்கு இடப்பட்ட பணி. சொத்துப் பதிவேட்டில் பிரசவப் பயிற்சிக்கான மனித உருவப் பொம்மை ஒன்று பதிவாகியிருந்தது. அதைப் பார்க்க விரும்புகிறேன் என்றேன். சாவி வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார். அரைமணி நேரத் தேடலுக்குப் பிறகு அறை திறந்தது. பொம்மை அட்டைப்பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படாமல் படுத்திருந்தது. வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பழுதாகிவிட்டால் யார் பொறுப்பேற்பது என்ற அச்சத்தில் எவரும் அதைத் தொடவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

அந்த உறையைப் பார்த்தபோது, 250 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பிரெஞ்சுப் பெண்மணி என் நினைவுக்கு வந்தார். ஆஞ்செலிக் மார்கரித் து கூத்ரே என்பது அவர் பெயர். உலகம் அவரை மதாம் து கூத்ரே என்று அறியும். துணியாலும் தோலாலும் ஒரு தாயின் உடலைச் செய்து, அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு பிரான்சு முழுவதும் அலைந்து, எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

அவரை நான் மருத்துவ வரலாற்றின் வழியாகச் சென்றடையவில்லை. வகுப்பறையில் முப்பது ஆண்டுகள் பொருளாதாரச் சிந்தனை வரலாறு நடத்தியவன் நான். ஆடம் ஸ்மித்துக்கு முன்பே செல்வம் உருவாகும் முறையை ஆராய்ந்த துர்கோவைப் பற்றி ஆண்டுதோறும் பேசியிருக்கிறேன். அவர் 1761 முதல் 1774 வரை லிமோஜ் மாகாணத்தின் அரசு நிர்வாகியாக இருந்தார் என்பதையும் மாணவர்களுக்குச் சொல்வேன். அந்த வறிய மாகாணத்தில் அவர் வரிகளைச் சீர்திருத்தினார், சாலைகள் போட்டார். அவருடைய ஆட்சிக் காலத்தில்தான் மதாம் து கூத்ரே அங்கு வந்து வகுப்புகள் நடத்தினார் என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். பாடநூலில் இல்லாத அந்தச் செய்தி, பாடநூலில் இருந்த பலவற்றைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது.

து கூத்ரேயின் இளமைக் காலம் பற்றிய தகவல் குறைவு. 1712-ஐ ஒட்டிப் பிறந்தவர் என்பர். பாரிஸ் நகரில் மூத்த மருத்துவச்சி ஒருவரிடம் மூன்றாண்டுகள் தொழில் பயின்று, தேர்வெழுதி, 1740-இல் உரிமம் பெற்றார். அந்நாளில் அங்கு மருத்துவச்சித் தொழில் மதிப்புக்குரிய, முறைப்படுத்தப்பட்ட தொழில். ஆனால், காற்று மாறிக்கொண்டிருந்தது. ஆண் அறுவை மருத்துவர்கள் பிரசவ அறைக்குள் நுழையத் தொடங்கியிருந்தனர். உடற்கூறு கற்பிக்கும் வாய்ப்பு அவர்கள் கையில் இருந்தது. மருத்துவச்சிகளுக்கு அதைச் சொல்லித்தர அவர்கள் அக்கறை காட்டவில்லை.

1745-இல் பாரிஸ் மருத்துவச்சிகள் சேர்ந்து, தங்களுக்கு முறையான பாடம் நடத்தப்பட வேண்டும் என்று மருத்துவப் பேராசிரியர் குழுவிடம் மனு அளித்தனர். அதில் முன்னின்றவர்களுள் து கூத்ரேயும் ஒருவர். கற்பிக்கப்படாத கை ஆபத்தான கை என்பதை அவர் அப்போதே உணர்ந்திருந்தார். தொழில் போட்டியைப் பற்றிய கவலை அந்த மனுவில் இல்லாமல் இருந்திருக்காது. எனினும், பிற்கால வாழ்க்கையைப் பார்க்கும்போது, அறிவு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியே அவரை இயக்கியது என்று தோன்றுகிறது.

1750-களின் தொடக்கத்தில் அவர் பாரிசை விட்டு, நாட்டின் நடுப்பகுதியில் உள்ள ஓவேர்ன் என்ற மலைப் பகுதிக்குச் சென்றார். அங்குள்ள ஏழைப் பெண்களுக்கு உதவ ஒருவர் வேண்டும் என்று உள்ளூர்ப் பிரபு அழைத்திருந்தார். நகரத்தில் கிடைத்த நல்ல வருமானத்தை விட்டுவிட்டு நடுத்தர வயதில் இப்படிப் புறப்பட்டது எளிய முடிவன்று.

ஓவேர்னில் அவர் கண்டவை அவரைக் கலங்க வைத்தன. குழந்தை குறுக்காகக் கிடந்தாலோ, தலைக்கு முன் கால் வந்தாலோ, நஞ்சுக்கொடி வெளியேறாமல் நின்றாலோ என்ன செய்வது என்று அங்கு பிரசவம் பார்த்த பெண்களுக்குத் தெரியவில்லை. இழுக்கக் கூடாத நேரத்தில் இழுத்தனர். காத்திருக்க வேண்டிய நேரத்தில் அவசரப்பட்டனர். தாய் இறந்தாள், அல்லது குழந்தை இறந்தது, அல்லது இருவரும் உயிர் பிழைத்து வாழ்நாள் முழுவதும் ஊனத்தோடு இருந்தனர். அந்தப் பெண்களுக்கு அன்பும் துணிவும் இருந்தன. யாரும் சொல்லித்தராததுதான் குறை.

சொல்லிக்கொடுக்க முயன்றபோது இன்னொரு தடை எதிர்ப்பட்டது. மாணவிகளில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. பலருக்குப் பாரிசில் பேசப்படும் பிரெஞ்சு மொழியும் சரளமாக வராது. கருப்பை, இடுப்பெலும்பு, பனிக்குடம் என்று பேசினால் அவர்கள் மனத்தில் எந்த உருவமும் எழவில்லை. கண்ணால் காண முடியாத இடத்தில் நடப்பதை வெறும் சொல்லால் எப்படி உணர்த்துவது? இதற்கு விடையாகத்தான் 1756-ஐ ஒட்டி அவர் தமது கருவியை உருவாக்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் வெறுமனே இயந்திரம் என்பதுதான்.

அது ஒரு பெண்ணின் இடுப்புப் பகுதியும் தொடைகளும் கொண்ட, உண்மை அளவிலான உருவம். தோல், துணி, பஞ்சு ஆகியவற்றால் தைக்கப்பட்டது. உள்ளே இடுப்பெலும்புக் கூடு இருந்தது. கயிறுகளையும் வார்களையும் இழுத்தால் பிறப்பு வழி விரியும், சுருங்கும். அதனோடு முழு வளர்ச்சி பெற்ற குழந்தையின் அளவில் ஒரு துணிப் பொம்மையும் உண்டு; தொப்புள்கொடியும் நஞ்சும் தனியே உண்டு; இரட்டைக் குழந்தைகளும் உண்டு. குழந்தைப் பொம்மையின் வாய் திறந்திருக்கும். உள்ளே நாக்கும் இருக்கும். கால் முந்தி வரும் பிரசவத்தில் குழந்தையின் வாய்க்குள் விரலை நுழைத்துத் தலையைத் தாழ்த்தி வெளிக்கொணர வேண்டும் என்பதால், அந்த வாய் இல்லாமல் பாடம் நிறைவு பெறாது. பின்னாளில், நீரை உறிஞ்சிவைத்த பஞ்சுகளைப் பொருத்தி, பனிக்குடம் உடைவதையும் குருதி பெருகுவதையும்கூட அவர் காட்டினார்.

அந்த இயந்திரங்களில் ஒன்று இன்றும் ரூவான் நகரில் இருக்கிறது. எழுத்தாளர் பிளோபேர் பிறந்த பழைய மருத்துவமனை வளாகத்து அருங்காட்சியகத்தில் அதைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, துணிக்குள் இருந்தது உண்மையான ஒரு பெண்ணின் இடுப்பெலும்பு என்று தெரியவந்தது. பெயர் தெரியாத அந்தப் பெண், இறந்த பின்பும் ஆசிரியப் பணி ஆற்றியிருக்கிறாள்.

பாவனைப் பயிற்சி என்ற எண்ணம் து கூத்ரேக்கு முன்பே உண்டு. நம் நாட்டுச் சுசுருத சங்கிதை, மாணவர்கள் கத்தி பிடிக்கப் பூசணி, சுரை போன்ற காய்களிலும், கட்டுப்போடத் துணியால் செய்த மனித உருவத்திலும் பழக வேண்டும் என்று விதிக்கிறது. து கூத்ரேயின் காலத்திலேயே லண்டனில் ஸ்மெல்லி என்ற மருத்துவர் தோல் போர்த்திய உருவங்களைக் கொண்டு பிரசவப் பாடம் நடத்தினார். ஆகவே, முதன்முதலில் கண்டுபிடித்தவர் என்ற பெருமையை அவருக்கு அளிப்பது பொருந்தாது. பொருளாதாரத்தில் கண்டுபிடிப்பையும் பரவலையும் நாங்கள் வேறுபடுத்திப் பார்ப்போம். ஒரு கருவி ஆய்வுக்கூடத்தில் பிறப்பதும், அது தேவைப்படும் கடைசி மனிதரைச் சென்றடைவதும் வேறு வேறு செயல்கள். து கூத்ரேயின் சாதனை இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

1758-இல் பாரிஸ் அறுவை மருத்துவக் கழகம் அவரது இயந்திரத்தை ஆராய்ந்து ஒப்புதல் அளித்தது. 1759-இல் அவர் எழுதிய பிரசவக் கலைச் சுருக்க நூல் வெளிவந்தது. அதே ஆண்டில் மன்னர் பதினைந்தாம் லூயி, நாடெங்கும் கற்பிக்கும் அதிகாரத்தை அவருக்கு வழங்கி ஆணையிட்டார். மன்னரின் இந்தக் கருணைக்குப் பின்னால் கணக்கு இருந்தது. பிரான்சு அப்போது ஏழாண்டுப் போரின் நடுவில் இருந்தது; படைக்கு ஆள் வேண்டும், வயலுக்கு ஆள் வேண்டும். நாட்டின் மக்கள்தொகை குறைந்துகொண்டே போகிறது என்று அறிஞர்களும் அமைச்சர்களும் உறுதியாக நம்பினர்.

அந்த நம்பிக்கை தவறானது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2.2 கோடியாக இருந்த பிரான்சின் மக்கள்தொகை, 1789-இல் ஏறத்தாழ 2.8 கோடியாக உயர்ந்திருந்தது என்பது பிற்கால ஆய்வாளர்களின் கணிப்பு. தவறான புள்ளிவிவர நம்பிக்கையிலிருந்து ஒரு நல்ல கொள்கை பிறந்திருக்கிறது. ஒரு தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு, அவள் பெறும் மகன் போர்வீரனாவான் என்ற காரணம் அன்றைய அரசுக்குத் தேவைப்பட்டது. அந்தக் காரணத்தை மறுத்து வாதாடிக்கொண்டிருக்காமல், தாம் செய்ய விரும்பிய பணிக்கு அதைப் படியாக்கிக்கொண்டார் து கூத்ரே.

1760-இல் தொடங்கிய பயணம் 1783 வரை நீண்டது. முலேன், லிமோஜ், போர்தோ, கான், ரூவான் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் அவர் வகுப்புகள் நடத்தினார். ஒவ்வோர் ஊரிலும் ஏறத்தாழ இரண்டு மாதப் பயிற்சி. சுற்றுவட்டார ஊர்களின் பாதிரியார்கள் தகுந்த பெண்களைத் தேர்ந்து அனுப்புவர். உயிர் பிழைக்காது என்று தோன்றும் குழந்தைக்கு மருத்துவச்சியே திருமுழுக்கு அளிக்க வேண்டியிருந்ததால், திருச்சபைக்கும் இதில் அக்கறை இருந்தது. மாணவிகள் ஒருவர் பின் ஒருவராக இயந்திரத்தின் முன் வந்து, தம் கையாலேயே குழந்தையைத் திருப்பி, வெளியே எடுத்து, மீண்டும் உள்ளே வைத்து, மீண்டும் எடுப்பார்கள். தவறு செய்தால் ஆசிரியர் திருத்துவார். துணித் தாய்க்கு வலிக்காது. துணிக் குழந்தை சாகாது. கை பழகும்வரை தவறு செய்ய அங்கே அனுமதி உண்டு.

இங்குதான் ஒரு பொருளாதார ஆசிரியனாக என் கவனம் நிற்கிறது. எந்தத் தொழிலையும் தவறு செய்யாமல் கற்க முடியாது. தவறுகளுக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டும். மருத்துவத்தில் நெடுங்காலமாக அந்த விலையைக் கொடுத்தவர்கள் ஏழைகள். கட்டணம் செலுத்த முடியாதவரின் உடல்தான் புதிய மருத்துவரின் பாடப்புத்தகமாக இருந்தது. தேர்ச்சி பெற்ற பிறகு அந்தக் கை வசதியானவர்களிடம் போய்ச் சேர்ந்தது. கற்றலின் செலவு ஒரு வகுப்பாருக்கும் அதன் பயன் இன்னொரு வகுப்பாருக்கும் சென்றன. து கூத்ரேயின் இயந்திரம் அந்தச் செலவின் ஒரு பகுதியை மனித உடலிலிருந்து துணிக்கு மாற்றியது. மருத்துவத்தில் பாவனைப் பயிற்சியின் அறம் என்று நான் கருதுவது இதைத்தான்.

இந்த மாற்றம் இலவசமாகக் கிடைக்கவில்லை. ஓர் இயந்திரத்தின் விலை ஏறத்தாழ 300 லீவ்ர். கிராமத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் ஓராண்டு வருமானத்தை ஒட்டிய தொகை அது. மாணவிகள் இரண்டு மாதம் வெளியூரில் தங்கி உண்ணவும் செலவுண்டு. உழைத்துப் பிழைக்கும் ஒரு பெண் அத்தனை நாள் வீட்டையும் வயலையும் விட்டு வருவது அந்தக் குடும்பத்துக்கு நேரும் இழப்பு. இந்தச் செலவை யார் ஏற்பது என்று ஒவ்வொரு மாகாணத்திலும் பேச்சு நடந்தது. சில நிர்வாகிகள் மனமுவந்து செலவிட்டனர், சிலர் தட்டிக்கழித்தனர். ஓயாமல் கடிதம் எழுதுவதும், அதிகாரிகளைச் சந்திப்பதும், நிலுவையைக் கேட்பதும் து கூத்ரேயின் பணியில் பாதியாகவே இருந்தன. 1767-இல் அவருக்கு ஆண்டுக்கு 8,000 லீவ்ர் ஊதியம் நிர்ணயிக்கப்பட்டது. ஒரு பெண்ணுக்கு, அதுவும் மருத்துவச்சிக்கு, அரசு அளித்த அசாதாரணமான தொகை அது.

அவர் புரிந்துகொண்ட மற்றொரு செய்தி, தாம் ஊரை விட்டுப் போன பிறகு என்ன ஆகும் என்பது. ஆகவே, ஒவ்வொரு வட்டாரத்திலும் அறுவை மருத்துவர்களையும் தனியே பயிற்றுவித்து, அவர்களைத் தொடர் ஆசிரியர்களாக நியமிக்கச் செய்தார். இயந்திரம் ஒன்றை அந்நகரமே விலைக்கு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினார். 1769-இல் அவருடைய நூல் வண்ணப் படங்களுடன் மறுபதிப்பாக வந்தது. படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து நினைவுகூர முடியும். பொம்மை, படம், ஆசிரியர், மேற்பார்வை, ஊதியம் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே அவருடைய திட்டம். தொடர் ஆசிரியர் கிடைக்காத ஊர்களில் இயந்திரம் நகர மண்டபத்தின் மூலையில் கிடந்தது.

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது எனக்கு நோக்கமன்று. தமது முறையே சிறந்தது என்ற பிடிவாதம் அவருக்கு இருந்தது. பொம்மையில் பழகுவது உண்மைப் பிரசவத்துக்கு ஈடாகாது என்றும், இரண்டு மாதத்தில் எவரும் மருத்துவச்சி ஆகிவிட முடியாது என்றும் கூறிய மருத்துவர்களும் இருந்தனர். அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. கிராமங்களில் தலைமுறைகளாகப் பிரசவம் பார்த்துவந்த முதிய பெண்கள், சான்றிதழோடு வந்த இளம்பெண்களை ஏற்கவில்லை. தாய்மாரும் தமக்குப் பழக்கமான கைகளையே நாடினர். அந்த மூதாட்டிகளின் அனுபவ அறிவில் நல்லவையும் இருந்திருக்கும். அரசின் திட்டம் அதைச் சேகரிக்காமல் ஒதுக்கித் தள்ளியது. வளர்ச்சித் திட்டங்கள் இன்றும் இந்தத் தவற்றைச் செய்கின்றன.

அவர் நேரடியாகக் கற்பித்த பெண்கள் ஏறத்தாழ 4,000 பேர் என்றும், அவர்தம் மாணவர் வழியாகக் கற்றவர்கள் ஏறத்தாழ 6,000 பேர் என்றும் மதிப்பிடப்படுகிறது. ஏறத்தாழ 500 அறுவை மருத்துவர்களும் அவரிடம் பயின்றனர். சாலைகள் மோசமாகவும் வண்டிகள் குலுக்கலாகவும் இருந்த காலத்தில், எழுபது வயது வரை ஒரு பெண் ஊர் ஊராகச் சென்று செய்த பணி இது.

முதுமையில் அவர், தாம் உறவாக ஏற்று வளர்த்த மார்கரித் என்ற பெண்ணிடமும் அவளுடைய கணவரான கூத்தான்சோ என்ற அறுவை மருத்துவரிடமும் பணியை ஒப்படைத்தார். அவர்கள் போர்தோ நகரில் மருத்துவச்சிப் பள்ளியை நடத்தினர். பிரெஞ்சுப் புரட்சி வந்தது. மன்னரின் ஆணை பெற்ற மருத்துவச்சி என்ற பெருமை, மன்னரே கொல்லப்பட்ட நாட்டில் ஆபத்தான அடையாளமாயிற்று. 1794 ஏப்ரலில், புரட்சியின் பயங்கரக் காலத்தில், எண்பதை ஒட்டிய வயதில் போர்தோவில் அவர் காலமானார். போர்தோவில் பள்ளி தொடர்ந்தது.

அவருக்குப் பின் 166 ஆண்டுகள் கழித்து, 1960-இல், நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் லேர்டால், நின்றுபோன மூச்சையும் இதயத்தையும் மீட்கும் முதலுதவியைக் கற்பிக்க ஆனி என்ற பொம்மையை வெளியிட்டார். இன்று கணினியால் இயங்கும் பொம்மைகள் மூச்சு விடுகின்றன, முனகுகின்றன, குருதி பெருக்குகின்றன. நம் நாட்டிலும் 2019-இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் பாடத்திட்டத்தையொட்டி மருத்துவக் கல்லூரிகளில் திறன் ஆய்வகம் கட்டாயமாகியிருக்கிறது. இது வரவேற்கத்தக்க மாற்றம்.

இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு நேரும் தாய் மரணங்கள், 2018-20 கணக்கெடுப்பின்படி 97. தமிழகத்தில் அது 54. எங்கள் இளமைக் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் சாதனை. எனினும், உலகெங்கும் 2023-இல் மட்டும் ஏறத்தாழ 2.6 லட்சம் பெண்கள் பேறுகாலத்தை ஒட்டி உயிரிழந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. குருதிப்போக்கு இன்றும் அதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. குருதிப்போக்கில் மருந்தும் வேண்டும், தயங்காத கையும் வேண்டும். கடமையில் இருக்கும் செவிலியர் அடுத்த சில நிமிடங்களில் என்ன செய்கிறார் என்பதில்தான் உயிர் தங்கியிருக்கிறது. அந்தச் சில நிமிடங்களை முன்கூட்டியே பலமுறை பழகிப் பார்க்கத்தான் பொம்மை.

எங்கள் ஊர் காவிரியின் கடைமடையில் உள்ள சிற்றூர். எனக்கு ஏழு வயதிருக்கும்போது, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் அத்தை, எங்கள் வீட்டு உள்ளறையில் குழந்தையைப் பெற்ற சில மணி நேரத்தில் இறந்துபோனார். குருதி நிற்கவில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது இன்றும் காதில் இருக்கிறது. பிரசவம் பார்த்த மூதாட்டி, என்னையும் என் தமக்கையரையும் கையில் ஏந்தியவர். திண்ணையில் அமர்ந்து தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சிலர் அவரை ஏசினர். அந்தக் கைகளுக்கு எவரும் எதையும் கற்றுத்தரவில்லை என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. தகுந்த மருந்தும் இல்லாத அவ்விடத்தில் பயிற்சி மட்டும் என் அத்தையைக் காப்பாற்றியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால், அந்த மூதாட்டிக்கு முயன்று பார்க்க ஒரு வழியாவது தெரிந்திருக்கும்.

அந்தச் செவிலியர் கல்லூரிக்கான அறிக்கையில் நான் மூன்று பரிந்துரைகள் எழுதினேன். பொம்மையைப் பயன்படுத்தி நடக்கும் வகுப்புகளுக்கு வாராந்திர நேரம் ஒதுக்க வேண்டும். அதைக் கையாளத் தெரிந்த ஆசிரியர் ஒருவரை அமர்த்த வேண்டும். பயன்பாட்டில் தேய்ந்து பழுதானால் எவர் மீதும் பொறுப்புச் சுமத்தக் கூடாது. உடன் வந்த நண்பர், மூன்றாவது பரிந்துரையை எந்தத் தணிக்கை அதிகாரியும் ஏற்கமாட்டார் என்று சிரித்தார். என் பார்வையில் அதுவே மூன்றிலும் முக்கியமானது.

ரூவான் அருங்காட்சியகத்தில் உள்ள துணித் தாய் கந்தலாகவும் கறையாகவும் இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எத்தனையோ பெண்களின் கைகள் அதன் மீது பழகியிருக்கின்றன. நம் திறன் ஆய்வகங்களைப் பார்வையிடச் செல்லும் குழுக்கள் இனிப் பொம்மை இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வரக்கூடாது. அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றும் பார்த்துவிட்டு வரவேண்டும்.